ஏழு ஐந்து அனந்தபுரம் வண்டி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் இவன் என்ன மனுஷன் என்று யாரும் கேட்கக் கூடாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பதினோரு வருஷமாக நான் டைம் கீப்பர். பிரைவேட் பஸ் முதலாளிகள் ஏழு பேர் சேர்ந்து வைத்த ஆள். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுதுவதும், நேரத்துக்கு எடுக்காத டிரைவரை விசில் ஊதித் துரத்துவதும்தான் வேலை. சாந்தமான ஆளுக்கு அந்த நாற்காலி சரிப்படாது.

பழைய ஸ்டாண்டு கடைத்தெருவுக்குள் இருந்தது. நான் உட்காருகிற கூண்டுக்குள் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கும். வாரம் ஒரு தடவை சாவி கொடுப்பேன். பஞ்சாயத்து ஆபீஸில் ஒன்பது மணிக்குச் சங்கு ஊதுவார்களே, அதைக் கேட்டு முள்ளைச் சரி பண்ணிக்கொள்வேன். அரசு பஸ்ஸுக்கு டைம் கீப்பராக இருந்த கலியபெருமாளுக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் கிடையாது. "செல்லப்பா, மணி இன்னா?" என்று என்னைத்தான் கேட்பார். நான் சொன்னால் அவர் வண்டியை எடுப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு அந்த ஒரு கேள்வியோடு சரி. ஆள் பிடிக்கிற சண்டையில் மற்றப் பேச்செல்லாம் எப்போதோ முறிந்துவிட்டது.

கையில் வாட்ச் கட்டிய நாலு பேர் அவ்வப்போது வந்து, "சார், உங்க கடியாரம் ஸ்லோ" என்பார்கள். "உன் வாட்ச்சு முந்தி ஓடுது. மொதல்ல அத்த ரிப்பேருக்குக் குடு" என்று விரட்டிவிடுவேன். செஞ்சிக்கே நேரம் சொல்கிறவன் நான். என்னிடம் வந்து நேரம் சொல்ல இவர்கள் யார்?

எண்பத்து நாலாம் வருஷம் புது ஸ்டாண்டு வந்தது. ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி, திண்டிவனம் ரோட்டில். அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு மீட்டிங் போட்டார்கள். பிரைவேட்காரர்களையும் அரசு பஸ்காரர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஓர் ஆபீசர் சொன்னார்: "இனிமே எல்லா வண்டியும் ஒண்ணுக்கொண்ணு சேரணும். ஒரு வண்டியில வந்து இறங்குறவங்க அடுத்த வண்டியப் புடிக்கணும். ஒருத்தரும் ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கக் கூடாது." நல்ல மனுஷன். நல்ல ஏற்பாடு. அனந்தபுரம் முதல் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று கேட்டார். ஏழு ஐந்து என்றேன். அப்படியானால் திண்டிவனம் அரசு பஸ் ஏழு பத்து என்று எழுதினார். என் வாயிலிருந்து வந்த நேரத்தை வைத்து அரசாங்க வண்டி ஓடப் போகிறது என்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

புது ஸ்டாண்டில் நடுவில் ஒரு நீளக் கட்டடம். மேற்குப் பக்கம் நாங்கள், கிழக்குப் பக்கம் அரசு பஸ். என் கூண்டிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஒரு டயர்கூடத் தெரியாது. என் கடிகாரத்தைப் பழைய இடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். கலியபெருமாளுக்கு ஹெட் ஆபீசிலிருந்து பெட்டியில் வைத்துப் புதுக் கடிகாரம் வந்தது. அன்றோடு அவர் என்னை மணி கேட்பதும் நின்றது. எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. போனால் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

அனந்தபுரம் வண்டியில் தினமும் ஒரு பெண் வந்து இறங்குவாள். பெயர் சாகிரா. பத்தொன்பது வயசு இருக்கும். அவள் அப்பா ரசூல் பாய் துணி மூட்டையோடு சந்தைக்குச் சந்தை போகிறவர். பத்து வருஷமாக என் கூண்டுக்கு எதிரே மூட்டை மேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர். திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளை நர்ஸ் வேலைக்குச் சேர்த்திருந்தார். சும்மா சேர்க்கவில்லை. பெண்பிள்ளை தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். பெரியப்பா ஒருத்தர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எல்லாரையும் மீறித்தான் மனுஷன் அனுப்பினார். முதல் மூன்று மாசம் பார்ப்பார்கள், அதில் மூன்று தடவை லேட்டானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இவள் போய்ச் சேர்ந்தால்தான் ராத்திரி டியூட்டி பார்த்த நர்ஸ் எழுந்து போக முடியுமாம்.

புது ஸ்டாண்டு திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ரசூல் பாய் சந்தை முடித்துவிட்டு வந்தார். அதே நேரத்துக்குச் சாகிராவும் திண்டிவனம் வண்டியில் வந்து இறங்கினாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பாய் கையில் ஒரு சீட்டோடு என் கூண்டுக்கு வந்தார். பின்னால் அவள். ஆஸ்பத்திரி மேட்ரன் எழுதிக் கொடுத்த சீட்டு அது. இரண்டு தடவை லேட்டாகிவிட்டது, இன்னொரு தடவை என்றால் வர வேண்டாம், தகப்பனார் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

"செல்லப்பா, காலையில நம்ம வண்டி லேட்டா வருதா?" என்று பாய் கேட்டார்.

"யாரு சொன்னது?"

"பாப்பா சொல்லுது. இங்க வந்து எறங்குறதுக்குள்ள திண்டிவனம் வண்டி பூடுதாம். மத்த நாளெல்லாம் அது லேட்டா கெளம்புச்சாம், ஓடிப் புடிச்சுதாம். ரெண்டு நாளு பூடுச்சாம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்துப் போட்டேன். "நீயே பாரு பாய். ரெண்டு வாரமா ஏழு அஞ்சு, ஏழு அஞ்சு, ஏழு அஞ்சு. ஒரு நாளு ஏழு ஆறு. அந்த வண்டி ஏழு பத்துக்கு. அஞ்சு நிமிசத்துல இந்த ஸ்டாண்ட மூணு சுத்து சுத்தலாம். உம் பொண்ணு எறங்கி இன்னா பண்ணிக்கினு நிக்குதுன்னு அத்தக் கேளு."

சுற்றிலும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் சிரித்தான்.

"எறங்கினதும் ஓடுறேன் சார்," என்றாள் சாகிரா. "அந்த ரெண்டு நாளும் நான் போறப்ப அங்க வண்டி இல்ல. பழைய ஸ்டாண்டுல ஒரு நாளு கூட விட்டதில்ல."

"புது எடமில்ல. வேடிக்க பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"நான் வேடிக்க பாக்கல சார்."

"அப்ப என் கடியாரம் பொய் சொல்லுதா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பாய் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவருக்கு எண்கள் நன்றாகப் படிக்க வரும். கடைசிப் பக்கம் வரைக்கும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மூடி என்னிடம் கொடுத்தார். மகளைப் பார்த்து "வா" என்று ஒரே வார்த்தை சொன்னார். பஸ்ஸில் அப்பாவும் மகளும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்கள். பெண்கள் சீட்டு தனி என்பதால் அது ஒன்றும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அனந்தபுரம் வண்டி வந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஏழு ஐந்து என்று எழுதினேன். சாகிரா இறங்கவில்லை. கண்டக்டரைக் கேட்டேன். "அவுங்க அப்பா நிறுத்திட்டாருண்ணே. இனிமே போவ வேணாம்னு சொல்லிட்டாராம். தெருவே பேசுது," என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும், நேரத்துக்கு ஓடாத பிள்ளைக்கு நாம் என்ன பண்ண முடியும் என்று டீ சொல்லப் போனேன்.

கூண்டுக்குப் பக்கத்தில் அந்த டீக்கடை வந்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் கடைக்காரன் வீட்டிலிருந்து ரேடியோ கொண்டுவந்து வைத்திருந்தான். நான் கிளாஸை வாயில் வைக்கிறேன், டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஆரம்பிக்கிறது. திரும்பி என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஏழு. ஏழேகால் செய்தியை ஏழு ஏழுக்கே போடுகிறான். டெல்லிக்காரனுக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்தில் பஞ்சாயத்து ஆபீசில் சங்கு ஊதுகிற பாவாடை டீ குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாடா பாவாடை, ரேடியோக்காரன் எட்டு நிமிசம் முந்திப் போடறான்?" என்றேன்.

"ரேடியோ எங்கண்ணே முந்தும்?"

"அப்ப நீ எந்தக் கடியாரம் பாத்து ஒம்போது மணி சங்கு ஊதுற?"

பாவாடை என்னை வெகுளியாகப் பார்த்தான். "உன் கடியாரம்தாண்ணே. பழைய ஸ்டாண்டு ஆபீசுக்கு எதிரயே இருந்துச்சு, எட்டிப் பாத்து ஊதுவேன். இப்பதான் செரமம். காலையில இவ்ளோ தூரம் வந்து பாத்து என் வாட்ச்ச சரி பண்ணிக்கினு போறேன்."

அவன் என் கடிகாரத்தைப் பார்த்துச் சங்கு ஊதியிருக்கிறான். நான் அவன் சங்கைக் கேட்டு என் கடிகாரத்தைச் சரி பண்ணியிருக்கிறேன். பதினோரு வருஷம் ஒருத்தனை ஒருத்தன் நம்பி, ஊரையே எட்டு நிமிஷம் பின்னால் தள்ளியிருக்கிறோம். பழைய ஸ்டாண்டில் கலியபெருமாளும் என்னைக் கேட்டே வண்டி எடுத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே அவருடைய புதுக் கடிகாரம் ரேடியோ நேரத்தில் ஓடுகிறது. அனந்தபுரம் வண்டி உள்ளே வருவது ஏழு ஐந்துக்கு இல்லை, ஏழு பதிமூன்றுக்கு. ஏழு பத்து வண்டி நேரத்துக்கு எடுத்தால் அதற்குள் போயிருக்கும். அந்தப் பெண் தினமும் நேரம் தாண்டிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறாள். நான் பத்துப் பேர் முன்னால் அவளை வேடிக்கை பார்க்கிறவள் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளாஸை அப்படியே வைத்தேன். அனந்தபுரம் வண்டி திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. "பாவாடை, என் சீட்டுல உக்காரு. வண்டி வந்தா ஒரு காயிதத்துல எழுது. எட்டு நிமிசம் சேத்து எழுது," என்று விசிலை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். பதினோரு வருஷத்தில் டியூட்டி நடுவே நான் நாற்காலியை விட்டு எழுந்தது அன்றைக்குத்தான். அன்றைக்குச் செஞ்சியில் ஒன்பது மணிச் சங்கும் ஊதவில்லை.

அனந்தபுரத்தில் ரசூல் பாய் வீட்டு வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, கடிகாரம், ரேடியோ, எட்டு நிமிஷம். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. முழுசும் கேட்டுவிட்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா சொன்னது நெசமா?" என்றார்.

"நெசம் பாய். நான்தான் தப்பு."

சாகிரா கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை.

"கெளம்பும்மா. ஆஸ்பத்திரிக்கு நானே வந்து சொல்றேன்," என்றேன்.

"ஆஸ்பத்திரியில அப்புறம் சொல்லுங்க சார். நேத்து அத்தினி பேரு முன்னால பஸ் ஸ்டாண்டுல சொன்னீங்க இல்ல? மொதல்ல அங்க சொல்லுங்க."

என் வயசில் பாதி கூட இல்லை. வேறு யாராவது என்னிடம் அப்படிப் பேசியிருந்தால் நடந்திருப்பதே வேறு. அவள் கேட்டது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போய் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் அடுத்த வண்டியில் செஞ்சிக்கு வந்தோம்.

மேற்குப் பக்கத்தில் மட்டும் சொன்னால் போதாது என்று எனக்குத் தோன்றியது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கலியபெருமாள் ஆபீசுக்குப் போனேன். ஸ்டாண்டு திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை. அவர் மேஜையில் பஸ் பேர் சொல்லி அறிவிக்கிற மைக் இருந்தது. விஷயத்தைச் சொல்லி, அதை ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், பின்னால் நின்ற பெண்ணையும் பார்த்தார். பொத்தானை அழுத்தி என் பக்கம் திருப்பினார்.

"நான் பிரைவேட் டைம் கீப்பர் செல்லப்பன் பேசறேன்," என்று ஆரம்பித்தேன். மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். "என் கடியாரம் எட்டு நிமிசம் ஸ்லோ. ரொம்ப வருசமா ஸ்லோ. அதால ஏழு பத்து திண்டிவனம் வண்டிய சனங்க விட்டிருக்காங்கோ. நேத்து சாயங்காலம் இந்த ஸ்டாண்டுல ஒரு பொண்ண நான் தப்பாப் பேசினேன். அது நேரத்துக்கு ஓடிச்சு. தப்பு அது மேல இல்ல, என் மேல. எல்லாரும் கேட்டுக்கங்க."

ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அப்புறம் கூட்டத்தில் ஒருத்தன், "நான் அப்பவே சொன்னேன், என் வாட்ச்ச ரிப்பேருக்குக் குடுன்னாரு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். சாகிரா சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவள் அப்பாவை.

கலியபெருமாள் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் லெட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். இணைப்பு வண்டி நேரம் தவறியதால் பயணி தாமதம், பயணி மீது தவறு இல்லை. கீழே சீல் குத்தி என் கையில் கொடுத்தார். "நானும் ஒரு தபா அந்தாண்ட வந்து கேட்டிருக்கலாம் செல்லப்பா. புதுக் கடியாரம் வந்த ஜோருல இருந்துட்டேன்," என்றார். "நேரத்த மாத்தி எழுதி வர்றதுக்கு நாளாவும். அதுவரைக்கும் அனந்தபுரம் வண்டி ஆளு ஏறாம என் வண்டி கெளம்பாது. போ."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. சரியான பத்து. ராத்திரி டியூட்டி நர்ஸ் இன்னும் போகாமல் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தையாம். அவளைப் பார்த்ததும் என் தலை இன்னும் தாழ்ந்தது. மேட்ரனம்மா கடிதத்தைப் படித்தார், என் நோட்டைப் பார்த்தார்.

"பஸ்ஸு கதை தெனம் கேக்குறேன்," என்றார். "டைம் கீப்பரே வந்து நின்னு நான்தான் தப்புன்னு சொல்றது இதான் மொதல் தடவை. பழைய ரெண்டையும் அடிச்சுடறேன். இன்னிக்கு லேட்டு லேட்டுதான். அந்தப் புள்ளையும் பச்சக் கொழந்தைய விட்டுட்டு உக்காந்திருக்குது பாருங்க."

வேலை நிலைத்தது. சாகிரா எங்கள் இருவரையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள்.

நான் செஞ்சிக்குத் திரும்பியிருக்க வேண்டும். முதலாளிகள் என் சம்பளத்தைப் பிடிப்பார்களா, என்னையே அனுப்புவார்களா என்று தெரியாது. ரசூல் பாய் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு பேரும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு புங்க மரம். அதன் அடியில் உட்கார்ந்தவர்கள்தான். பாய்தான் முதலில் பேசினார்.

"நேத்து ராத்திரி படைச்சவன் மேல ஆணையா சொல்லிச்சு செல்லப்பா. நான் எங்கியும் நிக்கல அத்தா, எறங்கினதும் ஓடினேன்னு அழுவுது. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? நோட்டுல என் கண்ணால பாத்துட்டேன், பேசாதன்னேன். பொண்ணு எங்கியோ நிக்குதுன்னு தெருவுல ஒருத்தன் ஒருத்தனா வந்து சொன்னப்ப எல்லாம் நம்பல. நீ எழுதினத நம்பினேன். நீ எழுதினா தப்பாதுன்னு."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயசில், திண்டிவனம் ரோட்டில், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதேன். பாய் தோளில் கை போடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து சாகிரா வெளியே வந்தாள். மரத்தடியில் எங்களைப் பார்த்ததும் நின்றாள். பாய் எழுந்து அவள் முன்னால் போனார். காலையிலிருந்து என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார், என்னிடமே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வாயில் வந்தது இவ்வளவுதான்.

"நான் உன்ன நம்பலம்மா."

"தெரியும் அத்தா," என்றாள் அவள். "வாங்க, பஸ்ஸு பூடும்."

முன்னால் அவள் வேகமாக நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.